லீவு நாளில் ஒரு சல்யூட்

இலங்கையின் நாவுல ஊர்ப் பாதையில் மாலை வெயில் தார்மேல் மினுங்குகிறது. லீவு நாளில் கான்ஸ்டபிள் நளீம் வாடகைக்கு ஆட்டோ ஓட்டுகிறார். அனுமதியில்லாமல் வேறு தொழில் பார்த்தால் பொலிஸ் உத்தியோகமே போய்விடும். எதிரே அவரது பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியின் ஜீப் வருகிறது. பழக்கத்தில் நளீமின் கை தானாக உயர்ந்து சல்யூட் அடிக்கிறது. ஜீப் நிற்கிறது. "என்ன நளீம், ஹயர் ஓடுறியா?" சந்தியில் கைகாட்டி ஏறிய, முன்பின் தெரியாத மூதாட்டி றமீஸா பின்னாலிருந்து முந்திக்கொள்கிறார். "என் தங்கச்சி மகன் சேர். மருந்தெடுக்கக் கூட்டிட்டுப் போறாரு." ஜீப் புழுதி கிளப்பிப் போகிறது. "நோன்போட பொய் சொல்ல வெச்சிட்டீங்களே, மகன்" என்று றமீஸா மெல்லச் சிரிக்கிறார். கண்ணாடியில் தெரியும் அந்தக் காய்ந்த உதடுகளைப் பார்க்க முடியாமல் நளீம் கண்ணாடியை மேலே திருப்பிவிடுகிறார்.