அழுக்குக் கூடை

"பையைத் திற" என்றாள் அக்கா.

துக்கம் விசாரிக்க வந்தவளிடம் சொல்கிற பேச்சு இல்லைதான். ஆனால் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று குளியலறைக்குப் போனபோது தட்டையாக இருந்த தோள்பை, திரும்பி வரும்போது பிதுங்கிக்கொண்டு வந்தது. அக்காவின் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது.

தம்பியின் மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருப்பவள் அக்காதான். திரைச்சீலை, படுக்கை விரிப்பு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த துண்டு எல்லாவற்றையும் துவைத்துப் போட்டாயிற்று. கண்ணில் பட்டால்தானே தம்பி கலங்குவான்? போனவளின் துணிகளில் கடைசி மூட்டை மட்டும் குளியலறையில், அழுக்குக் கூடையில் கிடந்தது. அதையும் துவைத்து யாருக்காவது கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

அதிலும் காலையிலேயே ஒன்று குறைந்தது. அவள் கழுத்தை விட்டு இறங்காத நீல மஃப்ளர். பையோடு நிற்கிற இந்தக் கண்ணாடிக்காரி நேற்றும் வந்திருந்தாள்.

இவளும் போனவளும் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பராமரிக்கிற வேலையில் இருந்தவர்கள். கூட வேலை பார்த்தவள் என்றுதான் நடுவீட்டில் உட்கார வைத்திருந்தாள் அக்கா.

கண்ணாடிக்காரி பையைத் திறந்தாள். உள்ளே ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர். முழங்கை தேய்ந்து, விளிம்பெல்லாம் எலி கொறித்தது.

"இதையா எடுத்தே? அலமாரியில புதுசு புதுசாத் தொங்குது. கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன். அழுக்குக் கூடையில போயா கையை விடுவே?"

"புதுசு வேண்டாங்க்கா."

"வேண்டாமாம்! கேட்டியாடா?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தம்பி திரும்பவில்லை. அவன் எதிரில் காபி ஆடை கட்டிப் போயிருந்தது.

"அந்த மஃப்ளரும் உன் கைவரிசைதானா?"

"ஐயோ, சத்தியமா இல்லைக்கா. இது மட்டும்தான்."

"கொஞ்சமாத்தான் திருடினேன்னு சத்தியம் வேற. எதுக்கு எடுத்தே, சொல்லு."

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்கிற நிலைமையிலயா இருக்கோம் நாங்க?"

கண்ணாடிக்காரி குரலைத் தாழ்த்தினாள். "எலிகளுக்குக்கா. குட்டி போட்ட தாய் எலிங்களை எல்லாம் அவங்கதான் பாத்துப்பாங்க. கூண்டுக்குள்ள அவங்க கையை விட்டா, அதுபாட்டுக்குப் பால் குடுத்துக்கிட்டுக் கிடக்கும். இப்ப நான் போனா மூலையில ஒண்டிக்குது. வாசனை வேறயாச்சே. ரொம்பப் பயந்துட்டா பெத்த குட்டியையே கடிச்சுத் தின்னுடும். ஒரு கூண்டுல தின்னுடுச்சு."

அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"அங்க அவங்க போட்டிருந்த கோட்டு ஒண்ணு இருந்துச்சு. அதை அன்னைக்கே சலவைக்குப் போட்டுட்டாங்க. யாரைச் சொல்றது? நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சாங்க. இந்த ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டுப் போனா என்னைக் கிட்ட விடும்னு தோணுது. குட்டிங்க கண்ணு திறக்கிற வரைக்கும் போதும்க்கா. அதுக்குள்ள என் கைக்குப் பழகிடும்."

"எப்படியும் ஆராய்ச்சின்னு ஒருநாள் சாகப்போற ஜென்மம்தானே அதுங்க? அதுக்கா இவ்வளவு?"

"சாகத்தான் போகுது. அதுவரைக்குமாவது பயப்படாம இருக்கட்டும்னு சொல்லுவாங்க."

"வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே!"

"துக்க வீட்ல வந்து, உங்க வீட்டுக்காரி ஸ்வெட்டரை எலிக்குக் குடுங்கன்னு அவர்கிட்ட எப்படிக்கா கேப்பேன்?"

அக்காவின் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் சுத்தப் பித்து இறங்கவில்லை.

"சரி, எடுத்துக்கோ. ஆனா இப்படியே குடுத்தா, அழுக்குத் துணியைக் குடுத்தனுப்பினாங்கன்னு எங்களுக்குத்தான் பேரு. இரு, ஒரு தடவை மெஷின்ல போட்டு எடுத்துடறேன்."

"அக்கா, வேண்டாங்க்கா!"

அக்கா அதற்குள் ஸ்வெட்டரோடு குளியலறை வரை போய்விட்டாள். சலவை இயந்திரத்தின் மேலிருந்த குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் விழத் தொடங்கியது.

அந்தச் சத்தத்துக்குத்தான் தம்பி எழுந்தான். வந்தான். ஸ்வெட்டரை அக்காவின் கையிலிருந்து வாங்கிக் கண்ணாடிக்காரியின் பையில் தானே வைத்து மூடினான்.

"துவைக்காம எடுத்துட்டுப் போங்க" என்றான். இத்தனை நாளில் அவன் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

அவள் போனதும் அவன் மறுபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டான்.

"எல்லாருக்கும் கிறுக்கு" என்று முணுமுணுத்தாள் அக்கா. "அது கிடக்கட்டும், அந்த மஃப்ளரை யார்தான் எடுத்தா?"

இயந்திரம் நிரம்புவதற்குள் தம்பியின் தலையணை உறையையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்று படுக்கையறைக்குப் போனாள். உறையை உருவினாள். பாதியில் கை நின்றது.

உள்ளே, பஞ்சுக்கும் உறைக்கும் நடுவில், நீல மஃப்ளர் ஒளிந்திருந்தது.

உறையை முன்பு இருந்தது போலவே இழுத்து மூடி, தலையணையை அதன் இடத்தில் வைத்தாள். குளியலறைக்குத் திரும்பினாள். கூடையில் துணிகள் அப்படியே இருந்தன.

"அக்கா..." ஜன்னல் பக்கமிருந்து தம்பியின் குரல் வந்தது. "மெஷினைப் போட்டுட்டியா?"

"எங்கடா போடறது? இன்னைக்குத் தண்ணியே வரலை" என்றாள் அக்கா, கொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சத்தமில்லாமல் மூடியபடி.