பதினொரு மாட்டுத் தொப்பி

"பதினொரு மாடாம், அப்பா."

"என்னது?"

"இந்தத் தொப்பியின்ர விலை. பதினொரு மாடு எண்டு சொல்லுறா."

பிராங்பேர்ட்டில், மைன் ஆற்றங்கரையில் கோடைச் சந்தை. தென்னாபிரிக்காவிலிருந்து வந்த சூலுப் பெண்கள் தாங்கள் கோத்த பாசிமணி மாலைகளைப் பரப்பியிருந்தார்கள். நடுவே, சுளகுபோல் அகன்ற ஒரு சிவப்புத் தொப்பி. கடைக்காரி நொமூசா, மகள் பிரபாலினியோடு வேலை செய்யும் சிபோவின் தாய்.

"வேறை ஒண்டும் கேக்கமாட்டன். இதை மட்டும் பேசி முடிச்சுத் தாங்கோ" என்று மகள் ரயிலில் ஏறியதிலிருந்தே கெஞ்சிக்கொண்டு வந்திருந்தாள்.

சிவகுருநாதன் பலசரக்குக் கடைக்காரர். சொன்ன விலையை வெட்டாமல் பச்சைமிளகாய்கூட வாங்காதவர்.

"பகிடிக்காரி போல. சரி, மாட்டிலையே பேசுவம். மூண்டு எண்டு சொல்லு."

மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். நொமூசாவுக்குத் தன் காதிலேயே சந்தேகம்.

"பத்துக்குக் கீழ போனா மரியாதை இல்லையாம், அப்பா."

"மரியாதையை வச்சு அடுப்பெரிக்கலாமோ? மூண்டரை!"

"அரை மாடு எப்பிடி?"

"பின்னங்காலை அவவே வச்சிருக்கட்டும்."

நொமூசா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பக்கத்துக் கடைப் பெண்களும் கூடிவிட்டார்கள். எட்டு, ஆறு என்று இறங்கி, நாலில் வந்து நின்றது.

"உங்களை மாதிரி மனுசனைத் தன்ர ஊரிலயே காணேல்லையாம்."

"அங்கை ஒருத்தருக்கும் யாவாரம் தெரியாது போல." நெஞ்சை நிமிர்த்திக் கைகொடுத்தார்.

பெண்கள் குலவையிட்டார்கள். நொமூசா தொப்பியைப் பொதி செய்யவில்லை. பிரபாலினியின் தலையிலேயே வைத்து, நெற்றியில் முத்தமிட்டாள்.

சிவகுருநாதன் பணப்பையைத் திறந்தார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காசை உள்ளுக்கு வையுங்கோ, அப்பா. இது அவையள் கலியாணம் முடிச்ச பொம்பிளையளுக்குப் போடுற தொப்பி. மாடு நாங்கள் குடுக்கிறேல்லை. மாப்பிளை வீடுதான் பொம்பிளையின்ர தகப்பனுக்குக் குடுக்கிறது. சிபோவும் நானும்..."

சிவகுருநாதன் தொப்பியைப் பார்த்தார். நொமூசாவைப் பார்த்தார்.

"பெடியன் குடிப்பானோ?"

"இல்லை, அப்பா."

விரல்விட்டு எதையோ எண்ணினார். பிறகுதான் அவருக்குள்ளிருந்த வியாபாரி விழித்துக்கொண்டார்.

"அடியே, எனக்கு வாற மாட்டில ஏழு மாட்டை நானே வெட்டிப்போட்டனே! நீ பாத்துக்கொண்டெல்லோ நிண்டனி?"

"அந்த மாட்டுக் காசை உழைச்சுக் கட்டப்போறது நாங்கள் ரெண்டு பேரும்தானே, அப்பா" என்றாள் வியாபாரியின் மகள். "ஏழு கழிஞ்சுது. நாலு, தவணையில வரும்."