கை படாத சாமான்

ஓராண்டாகக் கை படாத சாமான் எதுவும் புது வீட்டுக்குப் போகக்கூடாது என்பது சட்டம். வாசலில் நின்ற இயந்திரம் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, யார் கை எத்தனை தடவை பட்டது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னது.

செல்லக்கிளி உள்ளே இருந்த தகரப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அதன் அடியில் மகள் வடிவின் கபடிப் பனியன் கிடந்தது. மகள் விரும்பியவனோடு போன அன்றே புருஷன் காசிலிங்கம் அவளைத் தலைமுழுகிவிட்டான். "அவ துணி கண்ணுல பட்டா கொளுத்திருவேன்" என்றும் சொல்லியிருந்தான். அவன் உப்பளத்துக்குப் போனபிறகு செல்லக்கிளி தினம் ஒருமுறை அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வாள்.

"அந்த ஓட்டப் பெட்டி எதுக்குட்டி? கெடக்கட்டும்" என்றான் காசிலிங்கம்.

விட்டுப்போனால் பனியன் குப்பைக்குப் போகும். வருவது வரட்டும் என்று பெட்டியைத் தூக்கிவந்து இயந்திரத்தின் முன்னால் வைத்தாள்.

"பனியன் ஒன்று. பெண் கை, முந்நூற்று நாற்பது தடவை. ஆண் கை, முந்நூற்றுப் பன்னிரண்டு."

அந்த வீட்டில் இருந்த ஆண் அவன் ஒருவன்தான். உப்பு அரித்த கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"தீப்பெட்டி எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டாள் செல்லக்கிளி.

"அது மொதல்லயே வண்டில ஏறிருச்சு" என்றான் அவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.