கீழே போட்ட எடை

எடை கோத்த ராடு அவள் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

நிற்கவில்லை. பின்னால் சரிந்தது.

தலைக்குப் பின்னால் நடப்பது கண்ணில் படாது. வலத்தோள்தான் சொன்னது.

சென்ற ஆண்டும் இப்படித்தான் சரிந்தது. மாநில அணிக்கான தேர்வு, கடைசி வாய்ப்பு. பின்னால் சாயும் எடையை விட்டுவிட்டு முன்னால் நகர்ந்துவிட வேண்டும் என்பது, பளுதூக்க வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம். அரங்கமே விடச் சொல்லிக் கத்தியது.

அவள் விடவில்லை.

தோள் கழன்று மேடையில் கிடந்தபோதும் விரல்கள் ராடைப் பிடித்தபடியே இருந்தன. இரண்டு பேர் வந்து பிரித்தெடுத்தார்கள்.

பார்த்தவர்கள் அதை வைராக்கியம் என்றார்கள். அறுவை செய்த மருத்துவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. இன்னொரு முறை கழன்றால் அதற்குப் பிறகு கரண்டிதான் தூக்கலாம் என்றார்.

பிறகு தோள் பயிற்சிக்கு ரப்பர் பட்டை. பிறகு தண்ணீர் பாட்டில். வெகுநாள் கழித்து, வெறும் ராடு.

சொன்னதைச் சொன்னபடி செய்தாள். பிசியோதெரபிஸ்ட் சம்பத், தோளை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது தேறிவிட்டது என்றார். கையைத்தான் நம்ப முடியவில்லை என்றார்.

அவர் எதிரிலேயே வெறும் ராடைத் தூக்கிப் பின்னால் போட்டுக் காட்டினாள்.

அவர் ஒப்பவில்லை. போடப்போகிறோம் என்று தெரிந்த கை திறப்பதில் வியப்பில்லையாம். தூக்கியே தீர்வது என்று போன கை திறக்க வேண்டுமாம். அதற்கு ஒத்திகை கிடையாது. அதுவரை போட்டி என்ற பேச்சே கூடாது.

அதன் பின், அவர் அனுமதித்த எடைகளைக் கூட்டிக்கொண்டே வந்தாள். தூக்கியதெல்லாம் நின்றது.

அதுதான் சங்கடம். சரிந்தால்தானே கை திறக்குமா என்று தெரியும்.

இன்றைய எடையும் பெரிதில்லை. ஆனால் அவள் எதற்கும் அரைமனதாகப் போகிறவள் அல்லள்.

சரிந்துகொண்டிருந்தது.

இரண்டு கட்டைவிரல்களும் மற்ற விரல்களுக்குள் பூட்டிக் கிடந்தன. அதே பூட்டு.

இழுத்துப் பிடித்தால் நின்றுவிடும் என்று உள்ளே எதுவோ சொன்னது. அதே குரல்.

விரல்கள் திறந்தன.

அவள் முன்னால் பாய்ந்தாள். முதுகுக்குப் பின்னால் இரும்பு விழுந்தது, எகிறியது, மறுபடி விழுந்து, உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது. பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

வலத்தோளைச் சுழற்றிப் பார்த்தாள்.

இருந்த இடத்தில் இருந்தது.

அமுலு ஓடி வந்தாள். கூடத்தில் அவளுக்கு அடுத்த மேடை அமுலுவுடையது, வயதில் இளையவள், கேட்பதற்கு முன்பே ஆறுதல் சொல்லிவிடுகிறவள்.

"வுடுக்கா. இதெல்லாம் உனக்கு ஒரு வெயிட்டா? நாளைக்குப் பாரு, அசால்ட்டா தூக்கிடுவ."

"தூக்கறது கெடக்குது. கீழ போட்டேனே, பாத்தியா?"

பார்த்ததாக அமுலு ஒப்புக்கொண்டாள். பிறகு, ராடு தலையில் எங்காவது இடித்துவிட்டதோ என்று அவளுடைய பின்மண்டையைத் தடவிப் பார்த்தாள்.

அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, அவள் மேடையின் நடுவுக்குப் போனாள்.

இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினாள். முழங்கைகள் நேராக. விரல்கள் விரிய.

கைகளில் ஒன்றுமில்லை.

தூக்கியது சரி, இறக்கலாம் என்ற நடுவரின் சைகைக்குக் காத்திருப்பவளைப் போல அசையாமல் நின்றாள்.

இறக்கச் சொல்ல அங்கே யாரும் இல்லை.