முன்னுரைக்குப் பின்னால் நின்ற குதிரை

ஒரு படக்கதைப் புத்தகத்தின் முதல் கட்டத்தில் ஒரு குதிரை முன்னங்கால்களைத் தூக்கியபடி நின்றது. அதன் முதுகின் மேல் அடிபட்ட ஒரு வீரன், எதிரே பள்ளம், பின்னால் எதிரிகள். வாசகர் அந்தப் பக்கத்துக்கு வந்தால்தான் குதிரையால் தாண்ட முடியும். ஆனால் அதற்கு முன்னால், பெரிய நாவலாசிரியர் ஒருவர் எழுதிய முன்னுரை இருபது பக்கத்துக்குக் கால் நீட்டிப் படுத்திருந்தது.

“ஐயா, கொஞ்சம் ஒதுங்கினா நான் தாண்டிக்குவேன்” என்றது குதிரை.

“பொறு தம்பி. உன் பெருமையைத்தான் பேசிக்கிட்டிருக்கேன்” என்றது முன்னுரை.

குதிரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. நாவலாசிரியரின் இளமைப் பருவம், ஆசிரியர் வாங்கிய விருது, ஆசிரியர் வெளிநாட்டில் குடித்த காப்பி எல்லாம் வந்தன. மாநாட்டுத் தலைவர்களே வெட்கப்பட்டு மேடையை விட்டு இறங்கிவிடுவார்கள், அப்படி ஒரு பேச்சு. கடைசி வரியில்தான் குதிரை வந்தது: ‘இக்குதிரை பள்ளத்தைத் தாண்டிவிடுகிறது.’

“அதையும் நீங்களே சொல்லிட்டீங்களா?”

வாசகர்கள் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவைத்தார்கள். முன்னுரையின் புகழ் பெருகியது. நாவலாசிரியர் படக்கதைகளுக்கு எழுதிய முன்னுரைகளையெல்லாம் பதிப்பகத்தார் பிரித்தெடுத்துத் தனி நூலாகப் போட்டார்கள். படக்கதையின் அடுத்த பதிப்பு முன்னுரை இல்லாமல் வந்தது.

கடையில் இரண்டும் அருகருகே இருந்தன. பக்கத்து நூலிலிருந்து பழகிய குரல் கேட்டது: “ஐயா, கொஞ்சம் ஒதுங்கினா நானும் ரெண்டு வார்த்தை பேசுவேன்.”

“பொறு தம்பி” என்றது அதற்கு முன்னால் படுத்திருந்த, ஒரு பேராசிரியரின் அணிந்துரை. “உன் பெருமையைத்தான் பேசிக்கிட்டிருக்கேன்.”

குதிரைக்குச் சிரிக்க நேரமில்லை. யாரோ படக்கதையைத் திறந்துவிட்டார்கள். முதுகிலிருந்த வீரன் விழாமல் பார்த்துக்கொண்டு, அது தாண்டியது.