கடைச் சிரட்டை

மஸ்கெலியாவுக்கு மேலே, தொழுநோயாளர் இல்லத்து முற்றத்தில் ஃபாதர் அல்போன்ஸின் சவப்பெட்டி திறந்திருக்கிறது. கடல் கடந்து வந்து, பிறர் தொடக் கூசிய புண்களைக் கழுவிக் கட்டியே கிழவராகிப்போன மனிதர். மழை விட்ட வெளிச்சத்தில் மெழுகுவர்த்திகள் படபடக்கின்றன. சாவுக்கு வந்தவர்களுக்கு அம்மாக்கண்ணு பிளேன்டீ கொடுக்கிறாள். அவளது விரலற்ற கைகளுக்கு நடுவே ஆவி பறக்கும் கிளாஸ். அந்தக் கைகளுக்குச் சூடு தெரிவதில்லை. தேநீர்க்கடை அழகுமுத்து பெரிய மாலையோடு படியேறி வருகிறார். அம்மாக்கண்ணுவுக்கு நோய் கண்ட நாளிலிருந்து அவர் கடையில் அவளுக்கு மட்டும் தேங்காய்ச் சிரட்டை. எட்ட நின்று ஊற்றுவார். "கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போ" என்பார். மாலையைப் போட்டுவிட்டு அவர் திரும்பும்போது, அவள் உள்ளே போய்க் கறுத்துத் தேய்ந்த சிரட்டை ஒன்றில் தேநீரோடு வந்து எதிரே நிற்கிறாள். "குடிங்க மொதலாளி. ஒங்க கடைச் செரட்டதான். ஒரு நா ஒங்க கடை வாசல்லயே எங் கையிலருந்து ஃபாதர் வாங்கிட்டாரு. சாகுற வரைக்கும் இதுலதான் குடிச்சாரு." சுற்றி நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் கண்கள் தட்டிலிருக்கும் கிளாஸ்களுக்குப் போய், பெட்டிக்குப் போய், சிரட்டைக்கே திரும்புகின்றன. இரண்டு கையாலும் வாங்குகிறார். தொண்டைக்குழி ஏறி இறங்குவதை அவள் இமைக்காமல் பார்க்கிறாள். கடைசி மடக்கு வரைக்கும் பார்க்கிறாள். வெறும் சிரட்டையை அவர் நீட்டுகிறார். அவள் கை நீட்டவில்லை. முற்றத்து மூலையில் பீலிக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. முகவாயால் அதைக் காட்டுகிறாள்.

"கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போங்க."