பாம்புச் செவி

"இதுல பேஸ் ஜாஸ்தி, தம்பி. நெஞ்சுல வந்து இடிக்குது" என்றார் மில்காரர், ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கையை வைத்தபடி. "போன வாரம் கொண்டுவந்தது ரூம் மூலைக்கு எட்டல. அந்த இன்னொண்ணையும் பார்த்துடுவோம்."

மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டிலேயே வைத்துக் கேட்டுப் பார்த்து வாங்கலாம் என்று கடை முதலாளி விளம்பரம் கொடுத்தாலும் கொடுத்தார், ஏழு வியாழக்கிழமையாக இவன் பெட்டி சுமக்கிறான். முப்பது வருஷம் தறி ஓட்டிய மனுஷனுக்கு இப்படியொரு பாம்புச் செவியா!

குறை சொல்ல முடியாதது டீ ஒன்றுதான். எப்போது வந்தாலும் மில்காரர் வாசலிலேயே நிற்பார். நாற்காலியைத் தனக்கு எதிரே இழுத்துப் போட்டு, "சின்னவளுக்குப் பல் முளைச்சுதா?" என்று ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். அந்த வீட்டில் பேச வேறு ஆளில்லை.

அடுத்த பெட்டிக்குப் பின்னால் குனிந்து வயரைச் சொருகினான். "ஐயா, அந்த சுவிட்சைக் கொஞ்சம் போடுறீங்களா?"

பதில் இல்லை. வேலைக்கு வந்தவன் என்றால் இளக்காரம்தான் என்று முணுமுணுத்தபடி, தானே எழுந்துபோய்ப் போட்டான்.

போனிலிருந்து ஒரு பாட்டை ஓடவிட்டான். மில்காரர் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன.

பாதியில் முதலாளி கூப்பிட்டார். பாட்டை நிறுத்திவிட்டு, போனோடு வாசலுக்கு வந்தான்.

"இன்னைக்கு எதையாவது அவர் தலையில கட்டு. இல்லேன்னா இனிமே அந்த வீட்டுப் பக்கமே போகாத. ஊர்ல வேற ஆளே இல்லையா?"

விறுவிறுவென்று உள்ளே வந்து, மில்காரரின் தோளைத் தொட்டான். அவர் கண்ணைத் திறந்தார்.

"ஐயா, இன்னைக்கு ஒண்ணை எடுத்தே ஆகணுமாம். இல்லேன்னா என்னை அனுப்ப மாட்டாங்களாம்."

மில்காரர் பதறிப்போனார். "அடடா, என்னால உங்களுக்குத் திட்டா? எடுத்துக்கறேன் தம்பி. இப்ப ஓடிக்கிட்டிருக்கே, இந்தப் பாட்டு, கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு. இதையே வச்சுட்டுப் போங்க."

மெக்கானிக் அப்படியே நின்றுவிட்டான். மின்விசிறியின் கிறீச்சைத் தவிர அறையில் ஒரு சத்தமும் இல்லை.

மில்காரரின் விரல்கள் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. முகம் மட்டும் வாடிவிட்டது. "வாங்கிட்டா... அப்புறம் நீங்க வரவேண்டிய வேலை இருக்காது, இல்லையா?"

மெக்கானிக் நாற்காலியை இழுத்து, தன் உதடுகள் அவருக்கு நன்றாகத் தெரியும்படி எதிரே உட்கார்ந்தான். ஒவ்வொரு வார்த்தையாக, நிதானமாகச் சொன்னான்.

"வேண்டாங்கய்யா, இது கரகரங்குது. வர்ற வியாழன் வேற கொண்டு வரேன்."